ஒரு மணித்தியாலத் தூரம்

காலை நான்கு மணி. இலங்கையில் யுத்தம் முடிந்து இரண்டாம் வருடம், புதுக்கோட்டைப் பக்கத்து அகதி முகாமிலிருந்து நானும் கணவரும் ஊர் திரும்பப் புறப்பட்டோம். அம்மா என் கையை விடாமல் வாசல்வரை வந்தார். அவருக்கு இருதய வருத்தம். தம்பி அங்கே கல்லூரியில் படிப்பதால் அம்மா எங்களுடன் வரவில்லை. என்னைப் போகவிட்டதே என் கணவர் கொடுத்த வாக்கை நம்பித்தான்.

"மாமி, பிளேனில ஒரு மணித்தியாலம்தான். காலமை சொன்னால் மத்தியானம் இவள் உங்களுக்குப் பக்கத்தில நிப்பாள்."

அவர் மன்னார்த் தீவில் கீரி என்ற ஊர்க்காரர், கடல்தொழில் குடும்பம். அந்த வீட்டில் இந்தியாவைப் பக்கத்துத் தெரு மாதிரித்தான் பேசுவார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் முப்பது கிலோமீற்றர். சண்டைக் காலத்தில் வள்ளத்தில் ஒரே இரவில் கடந்த தூரம். வள்ளத்துக்கே ஓர் இரவு போதுமென்றால் விமானத்துக்கு எம்மாத்திரம் என்பது அவர் கணக்கு. இப்போது அந்தக் கடல்வழி யாருக்கும் திறந்தில்லை என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்.

விமானத்தில் பிழையில்லை. திருச்சியிலிருந்து கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நானூறு கிலோமீற்றர் சொச்சம். கொடுத்த பழச்சாற்றைக் குடித்து முடிப்பதற்குள் பெல்ட்டைக் கட்டச் சொன்னார்கள். ஆனால் திருச்சியில் மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம், கட்டுநாயக்காவில் பத்திரங்களைக் காட்ட இன்னும் இரண்டு.

நண்பகல் வாடகை வான் வண்டியில் ஏறினோம். மன்னாருக்கு முந்நூறு கிலோமீற்றர் அளவு இருக்கும். புத்தளத்தில் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். வந்துவிட்டோம் என்றார் கணவர். அனுராதபுரத்திலும் அதே பதில். மதவாச்சியில் இராணுவம் எல்லோரையும் இறக்கிச் சோதித்து ஏற்றியபின், அவரிடம் கேட்பதை விட்டுவிட்டுச் சாரதியிடம் கேட்டேன்.

"ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல போகும் அக்கா. ரோட்டு சரியில்லை."

எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் கூட. அம்மாவுக்கு நெஞ்சு நோவு வந்தால் நான் எப்போது போய்ச் சேருவேன்? முருங்கன் தாண்டி நானாட்டான் பக்கத்து வயல்கள் பச்சைப் பசேலென்று கிடந்தன. தீவுக்குப் போகும் பாலத்தில் இருபுறமும் கடல். எதிலும் மனம் நிற்கவில்லை.

மாலை ஆறரைக்குக் கீரி. மாமியார் வைத்த மீன்குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கோபத்திலும் இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கணவர் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கே இந்திய சிம்முக்கு இணைப்புக் கிடைக்கும் என்று அவருடைய தம்பியார் சொல்லியிருந்தாராம். தானே மாமியிடம் பேசட்டுமா என்று தலையைக் குனிந்தபடி கேட்டார். நான் போனை வாங்கிக்கொண்டேன்.

"அம்மா, ஒரு மணித்தியாலம் இல்லை. முழுசா ஒரு நாள். இனி வருத்தத்தை ஒளிக்காதேங்கோ. லேசா நோகேக்கையே சொல்லிப்போடுங்கோ."

காற்றின் இரைச்சலுக்கிடையே அம்மாவின் குரல் வந்தது.

"ஒரு நாளோ? அது காணும் பிள்ளை, அது போதும். நீ அங்கயிருந்து வெளிக்கிட்டிட்டாய் எண்டு தெரிஞ்சால், ஒரு நாள் நான் தாங்குவன்."