பின்னட்டையில் உள்ள ஆறு வரிகள்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. அவருக்காக இன்று கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை கைகூப்பி எழுதுகிறேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான்தான். உங்கள் கையில் இருக்கும் இந்த நினைவு மலரும் என் கடை மெஷினில் வந்ததே. இந்த முதல் பத்தியை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து போய்விட்டேன். எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருப்பார். சிரித்துவிட்டு ஓடிவிடுவேன். இன்றைக்கு உட்கார்ந்து எழுதியே தீர வேண்டும்.

அண்ணன் பிறந்தது சாலவாக்கத்துக்கு அருகே ஒரு சிற்றூரில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். கோடையில் ஏரி வற்றியதும் அதற்குள்ளேதான் பையன்கள் பந்து ஆடுவார்கள். செங்கல் அடுக்கிய கோலுக்கு நடுவே அண்ணன் கோல்கீப்பராக நிற்பார். முழங்கை, முழங்கால் எல்லாம் தோல் உரிந்து வீட்டுக்கு வருவார், அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டே திட்டித் தீர்ப்பார். ஐ.டி.ஐ. முடித்து, பல வருஷம் காண்டிராக்டில் கம்பம் ஏறி, அப்புறம்தான் லைன்மேன் வேலை நிரந்தரமானது. புயல் நாளில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் கயிறும் கையுறையுமாகக் கிளம்புவார். என் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் அவர். கணவரை இழந்து நான் நின்றபோது கடைக்கு இடம் பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர், பந்து விஷயம் ஒன்றைத் தவிர.

அவர் ஓய்வு பெற்ற வருஷம், ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை செய்யும் அவர் மகன் அப்பாவின் போனில் ஒரு விளையாட்டைக் காட்டிக் கொடுத்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தினமும் ஒரு கால்பந்து வீரரின் பெயர் அதில் ஒளிந்திருக்கும். நாம் ஏதாவது ஒரு வீரரின் பெயரை அடித்துப் பார்க்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் கட்டம் பச்சை, இடம் மாறியிருந்தால் மஞ்சள், இல்லவே இல்லையென்றால் சாம்பல். ஆறு தடவைதான் வாய்ப்பு. அதற்குள் பிடிபடாவிட்டால் விடையை அதுவே காட்டிவிடும். தொடர்ந்து ஜெயிக்கிற நாட்களை எண்ணி 'தொடர்' என்று ஒரு எண் ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் தோற்றால் சைபர். எல்லோருக்கும் அன்றைக்கு ஒரே பெயர், காலை ஐந்தரை மணிக்கு வரும்.

எனக்குப் பந்தும் தெரியாது, ஆளும் தெரியாது. அவரைச் சீண்டுவதற்காகவே நானும் ஆட ஆரம்பித்தேன். வீணான ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் வீரர்களின் பெயர்களை எழுதி மனப்பாடம் செய்தேன். ஒரு நாள் நான் மூன்றில் முடித்தேன், அவருக்கு ஐந்து. உடனே போன் வந்தது.

"இன்னா பாப்பா, கூகுள் பாத்துகினு ஆடறியா?"

"தோத்துட்டா தோத்துட்டேன்னு சொல்லு ண்ணா. பேஜார் பண்ணாத."

பார்த்தேன்தான். அவர் இருந்தவரை ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு ஒரு நாள் வாசலில் செருப்பு மாட்டும்போதே அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் பேச்சு போய்விட்டது. நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களின் பெயரை விரல் நுனியில் வைத்திருந்தவர், அண்ணியைக் கூப்பிடப் பெயர் கிடைக்காமல் அழுதார். "வார்த்தை உள்ளேதான் இருக்கு, வழி அடைச்சிருக்கு. நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க, அவரையே தேட விடுங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அண்ணனுக்குப் பெயர்கள் திரும்பிவிட வேண்டும், அது ஒன்றுதான் அப்போது எங்களுக்கு வேண்டியிருந்தது.

தேட விடுவதா! அவர் ஒரு எழுத்துக்காக வாயைத் திறந்து தவிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் பரபரக்கும். வீட்டுக்கு வந்தபின் தினமும் காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டியில் போய்விடுவேன். அன்றைய பெயரை என் போனில் முன்பே முடித்துக்கொண்டு போவேன். அண்ணியின் போனில் அதே விளையாட்டைத் திறந்து அவர் மடியில் வைப்பேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தால் போதும், "முத எழுத்து எம்மு ண்ணா" என்பேன். இன்னொரு நிமிஷம் போனால் அடுத்த எழுத்து. அவர் என் முகத்தைப் பார்ப்பார், இடது கை விரலால் மீதியை அடித்துவிடுவார். பத்தே நிமிஷத்தில் வேலை முடியும். தொடர் ஏறிக்கொண்டே போனது.

"உங்கண்ணன் உன்னப் பாத்தாதாம்மா சுறுசுறுப்பா கீறாரு" என்று அண்ணி சொல்லும்போது எனக்குத் தலைகால் புரியாது. என்னால்தான் குணமாகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவருடைய சொந்தப் போன் எப்போதும் தலையணைக்கு அடியில் இருக்கும். எடுக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். நோயில் எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது போல என்று விட்டுவிட்டோம்.

வீட்டுக்கு வந்து நாற்பத்தோராம் நாள். அன்று ஏதோ விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், கடை வாசலில் கூட்டம் நிற்கும் என்று எனக்கு ஒரே படபடப்பு. அண்ணியின் போனை மடியில் வைத்தேன், அவர் தள்ளிவிட்டார். மறுபடி வைத்தேன், மறுபடி தள்ளினார். தலையணையைக் காட்டினார். தலையணையைத் தூக்கி முதுகுக்கு வைத்தேன். அடியிலிருந்த போன் கட்டிலில் சரிந்ததைக் கண்ணால் பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. அவர் வேகமாகத் தலையை ஆட்டினார்.

"இரு" என்றார். அந்த ஒரு வார்த்தை தெளிவாக வந்தது. "இரு... இரு..."

"இருக்கறதுக்கு எங்க ண்ணா நேரம் கீது? கடைல ஆளுங்க நின்னுகினு இருப்பாங்க. கொயந்த மாதிரி அடம் புடிக்காத. நாளைக்கி வரேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதினோரு மணிக்கு அண்ணி போன் செய்தார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, தாள்கள் கீழே விழுந்துகொண்டே இருந்தன, நான் நின்றுகொண்டே இருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி தலையணைக்கு அடியில் இருந்த அவருடைய போனைச் சார்ஜில் போட்டுத் திறந்தார். அவர் விட்ட இடத்திலேயே அந்த விளையாட்டு நின்றிருந்தது. ஓரத்தில் தோல்வி நாற்பத்திரண்டு என்றிருந்தது. நோயில் விழுவதற்கு முன் இரண்டே முறைதான் தோற்றிருந்தார், அதைச் சொல்லிச் சொல்லியே என் காதைப் புண்ணாக்கியவர் அவர். மீதி நாற்பதும் வீட்டுக்கு வந்த பிறகு. தினமும் ஐந்தரைக்கு எழுந்து, யாருக்கும் தெரியாமல் இடது கையால் தனியாக ஆடியிருக்கிறார். தினமும் தோற்றிருக்கிறார். தோற்றதும் அதுவே விடையைக் காட்டிவிடுமே! ஏழு மணிக்கு நான் போய் எழுத்தை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் அவருக்கு விடை முன்பே தெரியும். என் சந்தோஷத்துக்காக நான் சொல்லித்தான் கிடைத்த மாதிரி அடித்துக் காட்டியிருக்கிறார். ஐயோ, எப்படிப்பட்ட கள்ளன் என் அண்ணன்!

நாற்பத்தோராம் நாள் அவர் தோற்கவில்லை. ஆறாவது வரி முழுக்கப் பச்சை. தொடர், ஒன்று.

ஆஸ்பத்திரிக்கு ராத்திரி பகல் பாராமல் ஆட்டோ ஓட்டி வந்த தம்பிக்கும், கை கால் பயிற்சி கொடுக்க வீடு தேடி வந்த பெண்ணுக்கும், கடைசிவரை தோள் கொடுத்த லைன்மேன் நண்பர்களுக்கும், ஏரியில் அவரோடு பந்து ஆடி இன்று நரைத்த தலையோடு வந்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், ஒரு நாளும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. டாக்டருக்கும் நன்றி, அவர் சொன்னதைக் கேட்காததற்கு மன்னிப்பும்.

இந்த மலர் முழுக்கக் கறுப்பு வெள்ளை. பின்னட்டை மட்டும் கலர். கட்டம் கட்டமாக இருப்பதைப் பார்த்து ஏதோ டிசைன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு வரிகள். முதல் ஐந்தில் சாம்பலும் மஞ்சளும், ஆறாவது பச்சை. அண்ணன் அன்று காலை எனக்குக் காட்ட நினைத்தது அதுதான். திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் இருந்து பாருங்கள்.