போ

மகள் பரீட்சைக்காகப் பிரெஞ்சு வாக்கியங்களை உரக்கப் படித்தாள். "இல் ஃபே போ."

"அப்டின்னா இன்னாடி?"

"வெயில் இதமா இருக்கு, நல்ல நாளுன்னு அர்த்தம்மா."

இதை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது ஏழு வயது. பக்கத்து வீட்டு டெலிபோன் ரிசீவரில் தேங்காயெண்ணெய் வாடை அடித்தது. பிரான்ஸுக்கு வேலைக்குப் போன அப்பா பேசினார்.

"எப்பப்பா வருவ?"

"இங்க இல் ஃபே போ" என்று சிரித்தார். கடைசிச் சொல் மட்டும் எனக்குப் புரிந்தது.

"இன்னா சொல்றாரு?" என்றாள் அம்மா.

"போன்னுட்டாரும்மா."

அம்மா ரிசீவரைப் பிடுங்கி வைத்தாள். அதன்பின் அவர் எத்தனை முறை கூப்பிட்டும் அவள் அந்த வீட்டுப் படியேறவில்லை. பிறகு அவரும் கூப்பிடவில்லை.

திருத்திச் சொல்ல இன்று அம்மா உயிரோடு இல்லை. சொல்லியும்தான் என்ன? எப்போது வருவாய் என்று கேட்டேன். அவர் வெயிலைப் பற்றிச் சொன்னார்.