மசியுமா, மசியாதா

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கன்டெய்னர் யார்டு. அதில் பதினோரு வருஷமாக நான் எடைமேடை கிளார்க். வாசல் டீக்கடையில் டிரெய்லர் ஓட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, "ஷிப்டுல யாரு? மசியுமா?" என்பதைத்தான். லஞ்சம் என்ற வார்த்தையை அங்கே நான் கேட்டதே இல்லை. மசியும், மசியாது, அவ்வளவுதான். பருப்பைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார்கள்.

நான் மசியாது. அவர்கள் சொல்வது காதில் விழும், விழாத மாதிரி டீயை உறிஞ்சுவேன். உள்ளுக்குள் பெருமைதான், சொல்ல என்ன வெட்கம்?

தண்டையார்பேட்டையில் என் பக்கத்து வீட்டுக்காரரும் டிரெய்லர் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை காசிமேடு போனால் எங்களுக்கும் சேர்த்து மீன் வாங்கிவருவார். அவர் வீட்டம்மா ஒரு தூக்கில் போட்டு அனுப்புவார். எங்கள் தெருவில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் கிடையாது. என் சம்சாரம் அரிசியோ வெல்லமோ போட்டுக் கொடுப்பாள். இதில் என்ன தப்பு?

ஒரு திங்கட்கிழமை அவர் வண்டி எடைமேடை ஏறியது. கடைசி சக்கரம் மேடைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நின்றது. அப்படி நிறுத்தினால் எடை குறைவாகக் காட்டும், பழைய தில்லாலங்கடி. "முன்னால எடு" என்று மைக்கில் சொன்னால் முடிந்தது. ஆனால் அதிக பாரத்துக்கு ஏற்கெனவே ஒருமுறை மாட்டியவர் அவர். இன்னொரு தடவை மாட்டினால் வேலை காலி. எனக்கோ அந்த நேரம் பார்த்து எங்கள் அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்த அவர்கள் தூக்கு ஞாபகம் வந்தது. இன்னும் திருப்பித் தரவில்லை. வாய் வரவில்லை. சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் டீக்கடையில் ஒரு புது டிரைவர் என்னைக் கண்ணால் காட்டி பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டான்.

"இன்னா மாமு, இது மசியுமா?"

டீ கிளாஸ் என் வாய்க்குப் போகிற வழியில் பாதியிலேயே நின்றது. அவர் அவசரமே படவில்லை. பிஸ்கட்டை நனைத்துத் தின்று முடித்தார்.

"அதுவா? சான்ஸே இல்ல. மசியாது."

சத்தமாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்கட்டும் என்று. சீ என்று இருந்தது.

சாயங்காலம் அந்தத் தூக்கு நிறைய நானே வெல்லம் போட்டேன்.

"இம்மாம் வெல்லம் இன்னாத்துக்கு?" என்றாள் சம்சாரம்.

பக்கத்து வீட்டு மனுஷன் வாயைத் திறக்காமல் இருக்கணும், அதுக்குத்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?