இருநூற்றுப் பதினாலாம் நம்பர் குளம்பு

வேரோடு வந்த அறுகம்புல்லைக் கல்லில் அடித்து மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தாள் நியாமத் பீ. அதைத் தின்ன வேண்டிய குதிரை செத்து மூன்று நாளாகிவிட்டது. புல் வெட்டுகிறவன் வழக்கம்போலப் புல்லுக்கட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். அடுத்த குதிரைக்கு ஆகும் என்று அவளும் உதறி உலர்த்தினாள்.

ஹிசார் பக்கத்தில் எங்கள் ஊருக்குப் பெல்டன் ரிசாலா என்ற குதிரைப்படைதான் சோறு. சொந்தக் குதிரையோடு வந்த எண்பது பேரை வைத்துக் கர்னல் பெல்டன் தொடங்கிய படை அது. குதிரை கொண்டுவந்தவனுக்குப் படையில் ஓர் இடம். அவன் இறந்தால் அந்த இடம் அவன் வீட்டுக்கு. விதவையும் தன் குதிரையில் ஓர் ஆளை ஏற்றி அனுப்பலாம். ஒரு கோட்டை முற்றுகையில் ஃபத்தே கான் விழுந்தபோது அவர் மனைவி நியாமத் பீக்கு இருபத்தாறு வயது. மைத்துனர் மகன் உம்ராவை ஏற்றி அனுப்பினாள். சம்பளத்தில் பாதி அவனுக்கு, பாதி இவளுக்கு. இப்படியே பதினோரு வருஷம். மறுமணம் பேசிவந்த அண்ணன்களைக் கட்டுத்தறியைக் காட்டியே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

குதிரை செத்தால் படை நிதியிலிருந்து வேறு குதிரை வரும். ஆனால் எண் சூடு போட்ட முன்னங்குளம்பை வெட்டிவந்து காட்ட வேண்டும். குதிரையை விற்றுவிட்டுச் செத்துப்போச்சு என்கிறவர்களுக்காகப் பெல்டன் சாகிப் போட்ட விதி. நியாமத் பீ வெட்டவில்லை; முழுசாகப் புதைத்துவிட்டாள். சாகிப் தன் குதிரைகளை ஒரு மயிர் குறையாமல் புதைத்தார் என்று ஃபத்தே கான் எத்தனையோ முறை சொல்லியிருந்தார். சாகிப்புக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயமா என்பது அவள் எண்ணம்.

உம்ராவ் படலைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"சாச்சி, நாளைக்குள்ள குளம்பு வரணுமாம். இல்லேன்னா நம்ம இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்."

"போய்த் தோண்டி எடுத்துட்டு வா."

"நானா? இந்த வெயில்ல மூணு நாளாச்சு. கிட்டப் போக முடியாது, நாறும்."

"அது முதுகுல ஏறி மீசைய முறுக்கினப்போ மணந்துச்சோ?"

"எனக்கென்ன சாச்சி, இன்னொருத்தர் குதிரையில ஏறிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவன் செருப்பை மாட்டினான்.

அவள் துப்பட்டாவின் முனையை மூக்கில் கட்டிக்கொண்டு, மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துப் போனாள். கோணியோடு திரும்பி வரும் வழியில் கிணற்றடிப் பெண்கள் விலகி நின்றார்கள்.

மறுநாள் காலை படை அதிகாரியான ரிசால்தார் மௌஜ் கானின் அறையில் கோணியைப் பிரித்தாள். ஃபத்தே கானுடன் ஒரே வரிசையில் குதிரை ஓட்டியவர் அவர்; அவளை அண்ணி முறை வைத்துப் பாபி என்பார்.

"நீங்களேயா தோண்டினீங்க, பாபி?"

"உங்க சவாரி வீரருக்கு மீசைக்கு எண்ணெய் போடற வேலை இருந்துச்சு."

அவர் சிரித்தபடி குளம்பைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். 214 தெரிந்தது. பேரேட்டில் அவள் பெயருக்கு நேரே சரி என்று குறித்தார்.

"இடம் உங்களுதுதான். சந்தை கூடினதும் குதிரை வரும். இதை அன்னிக்கே வெட்டியிருக்கலாமே?"

"பெல்டன் சாகிப் வெட்டலையே."

"யார் சொன்னது? அவரோட மூணு குதிரைக்கும் வெட்டினது நான்தான். விதி போட்டவன்தான் முதல்ல காட்டணும்னு பக்கத்துலயே நின்னார். இதோ, இதே மேசையில வெச்சோம்."

"கூட யார் இருந்தது?"

மௌஜ் கான் கோணியை மடித்துக் கட்டினார். "குதிரைக் காலை அழுத்திப் பிடிச்சுக்கிட்டது ஃபத்தே கான்தான். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார்."

நியாமத் பீ நகத்திடுக்கில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள்.

"அப்போ என்கிட்ட ஏன் அப்படிச் சொன்னார்?"

மௌஜ் கான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு துரையின் அலுவலகத்துக்குப் போய்விட்டார்.