பூநாரை பார்க்கப் போன இடத்தில்

ஓமானில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளிக்கிழமை நண்பன் என்னைப் பூநாரை பார்க்கக் கூட்டிப்போனான். அவன் நெய்யூர்க்காரன், பறவைப் பித்தன். நான் கடியப்பட்டணம், மீன்பிடிக்கிற கடற்கரை ஊர். விடிந்ததிலிருந்து ஒரே பாலைவனச் சாலை; காருக்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடல்நீர் உள்ளே புகுந்து தேங்கிய பொழியை அடைந்ததும் மணலில் குப்புறப் படுத்து, என்னையும் பக்கத்தில் படுக்கவைத்துப் பைனாகுலரை எடுத்தான்.

"அனங்காம கெடடே மக்கா. அசைஞ்சா பறந்துரும்" என்றான்.

பூநாரைகள் அலகைச் சேற்றில் விட்டபடி நின்றன. இதைப் பார்க்கவா இவ்வளவு பாடு? எரிச்சலோடு கடல் பக்கம் திரும்பினேன். மீன்கொத்தித் தின்னும் ஆலாப் பறவைகள் கூட்டமாக ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழுந்தன. கீழே தண்ணீர் கறுத்து நெளிந்தது. சாளை மீன் கூட்டம்தான், சந்தேகமே இல்லை.

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. எங்கள் ஊரில் கரையில் நிற்பவன் வள்ளத்துக்கு மீன் கிடக்கும் திசையைக் காட்டுவதுபோல், சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் வீசிக்கொண்டு, "ஏலே, தெக்கே விடுங்கல!" என்று கூவியபடி ஓடினேன்.

பின்னால் பூநாரைகள் அத்தனையும் எழுந்து போயின.

நண்பன் கத்துவான் என்று நினைத்தேன். அவன் மெதுவாக வந்து பக்கத்தில் நின்று கடலைப் பார்த்தான்.

"யாருக்குடே வீசிக் காட்டுன?"

கண்ணுக்கு எட்டியவரை ஒரு வள்ளம்கூட இல்லை.