தவுட்டம்மாவின் விலை

ஹந்தானைத் தோட்டத்தில் ஒரு கைப்பிடித் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைதான் தவுட்டம்மா. குண்டசாலை பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் மிச்சக் காசு தருவதற்குள் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். பெற்றவள் யாரென்றே தெரியாதாம், குலம் கோத்திரம் கிடையாதாம். ஊர் வாய்க்கு எட்டியது அவ்வளவுதான். உள்ளது வேறு. கேளுங்கள்.

தவுட்டம்மா குண்டசாலையில் சோற்றுக்கடை வைத்திருப்பவள். மகள் தர்ஷிகாவைப் பெண் பார்க்கக் கண்டியிலிருந்து புடவைக்கடை மோகனராஜ் குடும்பம் வந்தது. அவர்கள் இங்கே வருமுன்பே வதந்தி அவர்கள் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருந்தது. அது நிஜமென்றால் சம்பந்தம் வேண்டாம் என்று மோகனராஜின் மனைவி சீதா சொன்னதாகவும் கேள்வி.

“அம்மா, பேரு கேட்டா தேவின்னு சொல்லுங்க. இன்னைக்கு மட்டும்” என்று காலையிலிருந்தே கெஞ்சினாள் தர்ஷிகா. அவளுக்கு மோகனராஜின் மகன் மேல் உயிர். தவுட்டம்மாவும் தலையாட்டித்தான் வைத்தாள்.

கதிரையில் உட்கார்ந்ததும் சீதா கேட்டாள்: “ஒங்க பேரு என்னங்க?”

தேவி தொண்டை வரைக்கும் வந்தாள். அதற்குமேல் வரவில்லை.

“தவுட்டம்மாங்க.”

சீதா புருசனைப் பார்த்தாள். “அப்ப ஊர்ல சொல்றது…”

“வாங்குனது மெய்தாங்க. எனக்கு முந்திப் பொறந்தது ஒண்ணும் தங்கல. அதனால பெத்த கையோட எங்கம்மா என்னையப் பக்கத்து காம்பராவுல குடியிருந்த வேலாயிகிட்டக் குடுத்துட்டா. பொறகு மாட்டுக்கு வச்சிருந்த தவிட்டக் குடுத்து அவகிட்டயிருந்தே வாங்கிக்கிட்டா. தவிட்டு வெலைக்கு வந்த புள்ளைய எமன் சீண்ட மாட்டானாம். இன்னைய வரைக்கும் சீண்டல.”

தர்ஷிகா கண்ணை மூடிக்கொண்டாள். மோகனராஜ் செருமினார்.

“என்னையக் குப்பையில போட்டு எடுத்தாங்க” என்றார். “மோகனராஜ் எல்லாம் கடை போர்டுலதான். எங்கம்மாவுக்கு நான் குப்பு.”

“இத்தன வருசமா எங்கிட்டச் சொல்லவே இல்லியே” என்றாள் சீதா.

“சொல்லியிருந்தா கட்டியிருப்பியா?”

முதலில் சிரித்தது சீதாதான். சிரிப்பு அடங்குமுன் வெற்றிலைத் தட்டை எடுத்துத் தவுட்டம்மாவின் கையில் வைத்தாள். கதவு நிலையைப் பிடித்திருந்த தர்ஷிகாவின் கை தளர்ந்தது.

“பாத்தீங்களா சம்பந்தி” என்றார் மோகனராஜ். “ஒரு கைப்பிடித் தவிடு எங்க கொண்டாந்து விட்டுருக்குன்னு.”

தவுட்டம்மா பாக்கை வாயில் போட்டாள்.

“கைப்பிடின்னு எவன் சொன்னான்? எங்கம்மா மொறம் நெறையக் குடுத்துல்ல வாங்குனா.”