வாய் திறக்க வைத்த வயர்லெஸ் சார்ஜர்

சார்ஜர் விற்கிற வேலையில் சார்ஜரைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது, வாயைத் திறந்து சொல்லவும் வேண்டும். எனக்கு அதுதான் வராது. மலேசியாவில், கோலா பிலாவில் ஒரு ஃபோன் கடையில் நிற்கிறேன். யாராவது என் முகத்தைப் பார்த்துவிட்டால் உடனே குனிந்து கண்ணாடி துடைக்க ஆரம்பித்துவிடுவேன். கூச்சத்தை வைத்துக்கொண்டு கடையில் நிற்கிறவர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

முதலாளி அண்ணன் நல்லவர்தான். ஆனாலும் சொல்லிவிட்டார்: “இந்த மாசத்துக்குள்ள பேசிப் பழகிக்கம்மா. இல்லேன்னா நான் வேற ஆளு பார்க்கணும்.” கடைக்கு மேல்மாடியில்தான் என் மகள் படிக்கும் பாலர் பள்ளி, தாடிக்கா. பிள்ளை மேலே, நான் கீழே. இப்படி ஒரு வேலை எனக்கு வேறு எங்கே கிடைக்கும்?

வயரைத் திருப்பிக் கொடுத்தவர்

எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற அங்கிள் ஒருவர் வயர்லெஸ் சார்ஜர் வாங்கினார். பெட்டியை அங்கேயே பிரித்தார். உள்ளே வட்டமாக ஒரு தட்டு, கூடவே ஒரு வயர். “இது தவறி உள்ள வந்துருச்சும்மா” என்று வயரை என் கையில் கொடுத்துவிட்டு நேர்மையாக நடந்துவிட்டார். ஃபோனுக்குத்தான் வயர் வேண்டாம், தட்டுக்கு வேண்டும் என்று சொல்ல நான் மூச்சை இழுப்பதற்குள் லோரி கிளம்பிவிட்டது.

மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். “லோரி மேல வச்சு வெயில்லகூட காய விட்டேன் லா பாப்பா, ஏற மாட்டேங்குது!”

நடந்து போன ஃபோன்

செம்பனை வெட்டுகிற தம்பி ஒருவன், பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்த சார்ஜரை எடுத்தான். அது வழுக்கும், ரப்பர் ஒட்டியதை எடு என்று சொல்லத்தான் நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அவனுக்குப் பிறந்தநாள் வந்தது. விடிய விடிய வாழ்த்து வந்திருக்கிறது. ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டை விட்டே இறங்கிவிட்டது. சார்ஜ் இல்லாமல் செத்துப்போய், காலையில் அலாரமும் அடிக்கவில்லை. தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோர் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் போகவில்லை. நேராக என்னிடம் வந்தான்: “ஃபோன் நடந்து போச்சுன்னா மண்டோர் நம்ப மாட்டேங்கிறாரு கா, நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க!”

வீட்டுச் சோதனை

புகார் அதிகமாகவே, எது நல்லது என்று பார்த்து வரச் சொல்லி முதலாளி அண்ணன் எல்லா ரகத்திலும் ஒன்று கொடுத்து அனுப்பினார். தொட்டால் சுடுவதை ஒதுக்கினேன். வழுக்காததை, ஃபோன் சரியாக உட்கார்ந்ததும் விளக்கு எரிவதை எடுத்து வைத்தேன். தட்டுக்கும் ஃபோனுக்கும் நடுவில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்பதும் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து என் மகளும் சோதனை செய்தாள்: “அம்மா, பிஸ்கட் இன்னும் ஏறல!”

முருகன் இருந்த இடம்

ராஜம்மா ஆன்டி தன் ஃபோன் கவருக்குள் முருகன் தகடு வைத்திருப்பார். கோயிலில் பூசை போட்ட செப்புத் தகடு. சார்ஜர் வாங்கிய அன்றே பார்த்துவிட்டேன். ஆனால் சாமியை எடுங்கள் என்று எப்படிச் சொல்வது? ஏறவில்லை என்று திரும்பி வந்தார். பேசாமல் மாற்றிக் கொடுத்தேன். அதையும் கொண்டு வந்தார். மறுபடி மாற்றினேன்.

மாசக் கடைசியில் கடை நிறைய ஆள் இருக்கும்போது வந்து, ஃபோனைத் தட்டில் வைத்துக் காட்டினார். சிவப்பு விளக்கு மின்னியது. “தகடு எப்படிச் சுடுது பாரு! உங்க சாமான் மேல முருகனுக்கே கோவம் வந்துருச்சு!” முதலாளி அண்ணன் சார்ஜரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கு மேல்மாடி ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கத்தியே விட்டேன்: “ஆன்டி! முருகனைக் கொஞ்சம் எறக்கி வைங்க!”

ஆன்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். தகட்டை மெதுவாக உருவி, கண்ணில் ஒற்றி, கல்லா மேல் வைத்தார். ஃபோனைத் திரும்பத் தட்டில் வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. ஆன்டி முதலாளி அண்ணன் பக்கம் திரும்பினார்: “இந்தப் புள்ளைய அனுப்பிடாத தம்பி. முருகனையே எறங்கச் சொல்லிட்டா, இனி யாருக்குப் பயப்படப் போறா?”

இப்போதெல்லாம் நல்ல சார்ஜர் எது என்று யார் வந்து கேட்டாலும், ‘கவருக்குள்ள யாரு இருக்கா?’ என்றுதான் முதலில் கேட்கிறேன், அதுவும் சத்தமாக.